இளவரசியரும் நம் தங்கையும்

பெண்ணாய்ப் பிறந்தவள் பிறந்தகத்திற்கு விருந்தாளியே என்று நம் ஆச்சி அடிக்கடி கூறுவதுண்டு. அம்மொழியின் கடுமையைச் சென்ற புரட்டாசி வரை நாம் உணர்ந்தோமில்லை. ஆவணியில் நம் தங்கையின் விவாகம் நடந்தேறியது. ஒரு திங்கள் கழித்துக் குடும்ப அட்டையும் கையுமாய்ச் சங்கரன்கோவில் வட்ட வழங்கல் அலுவலகத்திற்குச் சென்றோம். கோவில்பட்டியிலுள்ள புக்ககத்து அட்டையில் அவள் பெயரைச் சேர்க்க வேண்டுமாயின், முதலில் நம் அட்டையினின்று அது நீக்கப்படல் வேண்டும். ஐந்து பெயர் நான்காயிற்று. இருபத்துமூன்று ஆண்டுகள் உடன்வளர்ந்தவளை நம் கையாலேயே வெளியேற்றினாற்போல் மனம் நைந்து வீடு திரும்பினோம்.

அன்றிரவு, கைக்குக் கிடைத்த சஞ்சிகையொன்றில் ஜப்பானிய இளவரசியரின் விவாகமுறையைப் படிக்க நேர்ந்தது. சக்கரவர்த்தியின் புதல்விக்கும் நம் தங்கையின் கதியே என்றறிந்து வியந்தோம். 1947-ஆம் ஆண்டின் அரச குடும்பச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, அரச குடும்பத்திற்குப் புறம்பான ஒருவரை மணக்கும் இளவரசி தன் அரசநிலையை இழப்பாள் என்று விதிக்கின்றது. அவ்வாண்டிலேயே பிரபுக்களின் பட்டங்கள் ஒழிக்கப்பட்டன. அரச மரபின் பதினொரு கிளைக் குடும்பங்களும் குடிகளோடு குடிகளாயின. ஆகவே, இளவரசிக்கு வாய்க்கும் மணமகன் பெரும்பாலும் குடிமகனே. மணந்த அன்றே அவளும் குடிமகளாகின்றாள். அவள் தமையன் ஒரு குடிமகளை மணப்பானாயின், அம்மணமகளோ அரச குடும்பத்தினள் ஆகின்றாள்!

அவர்தம் சடங்குகள் நமக்கு அந்நியமாய்த் தோன்றவில்லை. மணமகன் வீட்டார் பட்டும், சாக்கே என்னும் அரிசி மதுவும், கடல்மீனும் அளித்து நிச்சயம் செய்வர். நாம் தாம்பூலம் மாற்றுதல் போன்றதே இதுவும். மணநாள் அணுகுகையில் இளவரசி அரண்மனைக்குள்ளிருக்கும் மூன்று ஆலயங்களிலும் தெய்வங்களையும் முன்னோரையும் வணங்குவாள். பின்பு சக்கரவர்த்தியின் திருமுன் சென்று, வளர்த்தமைக்கு நன்றி கூறி விடைபெறுவாள். 2005 நவம்பர் 15-ஆம் நாள், சக்கரவர்த்தி அகிஹிதோவின் ஒரே புதல்வி சயாகோ, டோக்கியோ மாநகர ஊழியரான யோஷிகி குரோடாவை மணந்தார். அரச குடும்பத்தார்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. குரோடா என்னும் பெயர் அன்றுதான் அவருக்கு வந்தது. இளவரசி மாகோவின் விவாகமோ, மணமகனின் தாயாரைப் பற்றிய பணத் தகராற்றால் ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டது. ஊரார் பழிக்கு நடுவே 2021 அக்டோபர் 26-ஆம் நாள் அவர் சடங்குகள் அனைத்தையும் துறந்து, அரசு தரும் பெருந்தொகையையும் மறுத்து, தாம் விரும்பியவரையே மணந்தார்.

இதற்கு நேர்மாறான வழக்கம் நம்மூருக்கு மேற்கே, மலைக்கு அப்பால் இருந்தது. செங்கோட்டையையும் தன்னகத்தே கொண்டு ஆண்ட திருவிதாங்கூர் அரசில் மருமக்கள்தாயமே முறை. மன்னருக்குப்பின் பட்டம் அவர் மகனுக்கன்று, உடன்பிறந்தாள் மகனுக்கே. ஆதலின் இளவரசி பிறந்த குலத்தைவிட்டு நீங்குவதில்லை. பள்ளிக்கெட்டு என்னும் மணவினையால் அவளுக்குக் கணவராகும் கோயில் தம்புரான் மன்னருமல்லர். அவர்தம் மக்களும் தாய்வழியினரே.

பெண்ணுக்கு இஃதன்றோ உயர்வு என்று மகிழ்ந்தோம். ஆனால் இராணி இலட்சுமிபாயின் வரலாறு நம்மை நிதானிக்கச் செய்தது. 1859-இல் அவரை மணந்தவர், பின்னாளில் கேரள காளிதாசர் எனப் புகழ்பெற்ற கேரளவர்ம வலிய கோயில் தம்புரான். 1875-இல் ஆயில்யம் திருநாள் மகாராஜா அவர்மீது சினங்கொண்டு ஆலப்புழையில் சிறைவைத்தார்; பின்னர் ஹரிப்பாட்டில் காவலில் இருத்தினார். வேறு கணவரை ஏற்குமாறு கூறப்பட்டும் இராணி இசைந்தாரில்லை. 1880-இல் மகாராஜா மறைந்து, விசாகம் திருநாள் பட்டமேறிய பின்னரே அவர் கணவர் விடுதலை பெற்றார். அடுத்த ஆண்டில் விக்டோரியா மகாராணியார் இலட்சுமிபாய்க்கு இந்திய மகுட விருதை வழங்கினார்.

ஜப்பானில் பட்டம் பெண்வழி இறங்காமையால் அவளை வெளியே அனுப்புகின்றனர். திருவிதாங்கூரில் பெண்வழியே இறங்கியமையால் அவளை உள்ளே இருத்தினர். இரண்டும் அரியணையை எண்ணிச் செய்த ஏற்பாடுகளே. பெண்ணின் மனத்தை எண்ணிச் செய்தவை அல்ல. மாகோவும் இலட்சுமிபாயும் தத்தம் உறுதியால் அம்மனத்தைக் காத்துக்கொண்டனர்.

இவ்வாறு பிறரைக் குறைகூறிக்கொண்டிருந்த நமக்கு ஐப்பசியில் ஒரு பாடம் கிடைத்தது. தலைத்தீபாவளிக்குத் தங்கை கணவருடன் வந்தாள். உள்ளறைக்குச் சென்றவள் சற்றே நின்று, "அண்ணே, இங்கே என் புத்தகங்கள் இருந்தனவே?" என்று வினவினாள். அவள் சென்ற மறுவாரமே நாம் அவற்றைச் சாக்கிலிட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, அவள் அலமாரியை நமதாக்கிக்கொண்டிருந்தோம். அலுவலகத்திற்குச் சென்று பெயரை நீக்கியதோ அதற்குப் பின்னர்! நாம் விடை கூறாது நின்றோம். அவளும் மேற்கொண்டு கேட்டாளில்லை.

மாலையில் எல்லோரும் கோமதியம்மை சந்நிதிக்குச் சென்றோம். ஆடியில் தபசிருந்து, தான் வேண்டிய சங்கரநாராயணக் கோலத்தைக் கண்டவள் அவ்வம்மை. ஐப்பசியில் திருக்கல்யாணம் காண்பவள். மணத்தின் பின்னும் தனக்கெனத் தனிச் சந்நிதியில் வீற்றிருப்பவள். ஆண்டுதோறும் அதனை வணங்கும் நாம், நம் வீட்டுப் பெண்ணுக்கு ஓர் அலமாரியை விட்டுவைத்தோமில்லை.

மறுநாட் காலையில் சாக்கினை இறக்கிப் புத்தகங்களைத் துடைத்து அடுக்கினோம். தங்கையும் உடனிருந்து அடுக்கினாள். அப்பா அதனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிலத்தின் பத்திரங்களை எடுத்து வருமாறு பணித்தார். 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு அளித்தபோது, அதற்குமுன் மணமாகிச் சென்றவர்களை விலக்கியிருந்தது. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே அவ்வேற்றுமையை நீக்கிற்று. ஜப்பானிலும், மணத்தின் பின் இளவரசியர் அரசநிலையிலேயே தொடரலாம் என்னும் யோசனையை 2021 டிசம்பரில் அரசின் நிபுணர் குழு முன்வைத்தது.

மாணவ நண்பர்களே! சட்டங்கள் மெல்லத் திருந்தும். அதுவரை காத்திராமல், மணமாகிச் சென்ற உங்கள் தமக்கை தங்கையரின் அலமாரி இப்பொழுது யார் வசம் இருக்கின்றது என்று இன்றே வீட்டிற்குச் சென்று பாருங்கள்.