சைபர் வோல்ட்

நாவல் எழுதிச் சோறு தின்னலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வெகு காலம் சோறு போட்டது 'டிரைவர்' எழுதுகிற உத்தியோகம். இதைக் கேட்டு, நான் லாரிக்காரர்களைப் பற்றி ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன் என்று எண்ணியவர்களில் என் மாமியாரும் ஒருவர். அப்படியல்ல. ஒரு சின்னக் கருவிக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கும், அதில் சொருகப்படும் கார்டுக்கும் நடுவே நின்று, இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் எடுத்துச் சொல்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். கல்யாணத் தரகர் வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கார்டு உள்ளே வந்ததும் முதல் காரியம் பேச்சு அல்ல, சாப்பாடு. அதாவது மின்சாரம். எத்தனை வோல்ட் என்பதில்தான் சங்கடம். பி.சி.எம்.சி.ஐ.ஏ. என்ற அமைப்பார் 1990-இல் இந்தக் கார்டுகளுக்கு விதி வகுத்தபோது எல்லாம் 5 வோல்ட்டில் ஓடின. பிற்பாடு 3.3 வோல்ட் கார்டுகள் வந்தன. அந்த ஜாதிக்கு 5 கொடுத்தால் கருகிப் போகலாம். ஆகவே கார்டின் 68 முனைகளில் இரண்டை இதற்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். மின்சாரம் வருவதற்கு முன்பே, "எனக்கு இவ்வளவுதான் தாங்கும்" என்று கார்டு அந்த இரண்டு முனைகளால் ஊமை ஜாடை காட்டிவிடும். ஜாடையைப் பார்த்துப் பரிமாற வேண்டியது டிரைவரின் பொறுப்பு.

லினக்ஸில் இந்தப் பகுதி வெகு சுருக்கமானது. 3.3 வோல்ட்டுக்கு 33 என்று எழுதுவார்கள், 5 வோல்ட்டுக்கு 50. அணைப்பதற்கு 0. வேறு எந்த எண் வந்தாலும் "முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட வேண்டும். இன்டெல் நிறுவனம் ஸ்டிராங்ஆர்ம் சிப்புக்காக அஸபெட் என்று ஒரு மாதிரிப் பலகை செய்திருந்தது. அதன் சாக்கெட்டில் 3.3 மட்டுமே உண்டு. மேலே இருக்கும் நிரல் 5 கேட்டால் பாவம், என்ன செய்யும்? அதன் டிரைவரை எழுதியவர், 3.3-ஐக் கொடுத்துவிட்டு, 'கேட்டது 5, கொடுப்பது 3.3' என்று பதிவேட்டில் ஒரு வரி போடும்படி செய்திருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் நல்ல சிறுகதை படித்தால்கூட எப்போதாவதுதான் ஏற்படும். நேர்மையான குமாஸ்தா ஒருவர் கணக்கு எழுதியது போல இருந்தது.

33-ஐப் பற்றியும் 50-ஐப் பற்றியும் எல்லோருக்கும் கவலை உண்டு. 0-வைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அணைப்பதில் என்ன இருக்கிறது என்று நினைப்பு.

2004-ஆம் வருஷம். கிண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனி, வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கு எடுக்கிற கைக்கருவி செய்துகொண்டிருந்தது. அதற்கு டிரைவர் எழுதியவர் எழுதி முடித்த கையோடு அமெரிக்கா போய்விட்டார். ஒருநாள் வெளியூர் வாடிக்கையாளர் அலுவலகம் ஒன்றிலிருந்து, பழுதான கருவியோடு கணக்கெடுக்கிற ஆள் ஒருவரையே அனுப்பியிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விஷயம் இதுதான். நடுப்பகலுக்கு மேல் அவர் எடுத்த கணக்கு எதுவும் கார்டில் ஏறவில்லை. கருவியின் பதிவேட்டில் 'கார்டு எடுக்கப்பட்டது' என்று மணி நிமிஷத்தோடு இருந்தது. ஒருமுறை அல்ல, நாலைந்து முறை. அலுவலகத்தார் அவர் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள்.

"நான் தொடவே இல்லீங்க. காலையில அவங்களே மூடி மேல ஒட்டின காகிதம், சாயங்காலம் வரைக்கும் அப்படியேதான் இருந்துச்சு" என்றார்.

"பிரித்து மறுபடி ஒட்டியிருப்பாய்" என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். மெஷின் பொய் சொல்லுமா என்று கேட்டால் ஏழை மனிதன் என்ன பதில் சொல்வான்?

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி அந்தக் கருவியை வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு நாள் அவள் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"சார், சைபர் சைபரா இல்லை, பாருங்க."

மீட்டரைப் பார்த்தேன். கருவி தூங்கிக்கொண்டிருந்தது. சும்மா வைத்தால் பாட்டரியை மிச்சம் பிடிக்கத் தானே தூங்கிவிடும். அப்போது கார்டுக்கு வோல்ட் 0 என்று டிரைவர் கட்டளையிடும். ஆனால் கார்டின் மின்முனையில் ஒன்றரை வோல்ட்டுக்கும் மேலே நின்றுகொண்டிருந்தது.

வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். மின்சாரத்தை நிறுத்திய டிரைவர், கார்டோடு பேசுகிற மற்றக் கம்பிகளை நிறுத்தவில்லை. அவை 3.3-லேயே நின்றன. கார்டுக்குள் ஒவ்வொரு முனையிலும் காப்புக்காக வைத்திருக்கும் டயோடுகள் வழியே அந்த மின்சாரம் உள்ளே கசிந்தது. வேலை செய்ய அது போதாது, சாகவும் விடாது. கார்டு புதுப்பிறவி எடுக்க வேண்டுமானால் முதலில் முழுக்கச் சாக வேண்டும். மறுபடி 33 என்று கட்டளை வந்தபோது அது விழித்துக்கொண்டே மயங்கிக் கிடந்தது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் கார்டு இல்லை என்று மேலே இருந்த நிரல் தானே முடிவு கட்டி, 'எடுக்கப்பட்டது' என்று எழுதிவிட்டது. மரத்தடியில் அந்த மனிதர் ஒரு டம்ளர் டீ குடித்த நேரமெல்லாம் அவர்மேல் குற்றப்பத்திரிகையாக ஏறியிருக்கிறது!

"கார்டு இருக்கா இல்லையான்னு சொல்றதுக்கே ரெண்டு முனை இருக்கு சார். அதுக்குக் கரண்டே வேண்டாம், கார்டுக்குள்ள தரையோட சேர்ந்திருக்கு. அதை யாருமே கேக்கலை" என்றாள். அவளுக்குக் கோபம். வோல்ட்டைவிட இதில்தான் அதிகக் கோபம்.

திருத்தம் என்னவோ சில வரிதான். 0 என்று வந்தால் முதலில் எல்லாக் கம்பிகளையும் விட்டுவிடுவது, பிறகு மின்சாரத்தை நிறுத்துவது, மிச்சம் வடியும்வரை காத்திருப்பது. எஸ்.டி. கார்டுகளுக்கான விதியில், மறுபடி உயிர் கொடுக்குமுன் 0.5 வோல்ட்டுக்குக் கீழே குறைந்தது 1 மில்லிசெகண்ட் இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எங்களுடையது காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு. அவள் தாராளமாகவே காத்திருக்கச் செய்தாள்.

சண்டை அதற்கப்புறம் வந்தது. புதிய மென்பொருளோடு போக வேண்டிய கடிதத்தில் 'செயல்திறன் மேம்பாடு' என்று போட்டால் போதும் என்றார் மானேஜர். வியாபாரத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். அவரைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெண், "பழைய பதிவேட்டில் 'கார்டு எடுக்கப்பட்டது' என்று இருக்கும் வரிகளை நம்ப வேண்டாம், கார்டு உள்ளேதான் இருந்தது" என்று எழுதினாள். மானேஜர் அடித்தார். அவள் மறுபடி எழுதினாள். நானும் கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டு, "போகட்டும்" என்று அனுப்பிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து, மென்பொருள் கிடைத்தது, வேலை செய்கிறது என்று ரசீது வந்தது. சம்பளத்தில் பிடித்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அன்று சாயங்காலமே அவள் அடுத்த கடிதத்துக்குக் காகிதம் எடுத்தாள்.