பலகாரம் செய்யாத வீட்டிற்கு ஒரு பங்கு



கிறிஸ்துமஸ் நெருங்கும்போது நாகர்கோவில் பகுதி வீடுகளில் முந்திரிக்கொத்து செய்வார்கள். வறுத்துத் திரித்த பாசிப்பயற்றைத் தேங்காயுடன் கருப்பட்டிப் பாகில் உருட்டி, மஞ்சள் சேர்த்த அரிசிமாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். பல நாட்கள் கெடாத பலகாரம் அது. ஆகவே அண்டை வீடுகளுக்கும் தாராளமாகச் செல்லும்.

அவ்வாண்டில் துக்கம் நேர்ந்த வீட்டில் மட்டும் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. என் தாயார் முதல் தட்டை அவ்வீட்டிற்கே கொண்டுபோவார். கொடுத்தவுடன் திரும்பமாட்டார்; சற்று நேரம் அமர்ந்து, மறைந்தவரைக் குறித்து அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டே வருவார்.

நெகேமியா 8:10-ஐ வாசித்துப் பாருங்கள். அழுதுகொண்டிருந்த மக்களை விருந்துண்ணச் சொன்னவர், எதுவும் ஆயத்தம் செய்யாதோரையும் மறவாமல் அவர்களுக்குரிய பங்கை அனுப்பச் சொன்னார். அழுகிறவர்களை விட்டுவிட்டுத் தேவனுடைய பண்டிகை நிறைவுபெறுவதில்லை.

கடந்த ஆண்டு என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எங்கள் வீட்டில் பலகாரம் செய்யவில்லை. ஆயினும் டிசம்பர் 24 மாலைக்குள் ஏழு தட்டுகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் மூன்று, அவர் முன்பு சென்று அமர்ந்திருந்த வீடுகளிலிருந்து வந்தவை. கொண்டுவந்தவர்களும் அமர்ந்தார்கள், நாங்கள் பேசினோம்.

பிரியமானவர்களே, இவ்வாண்டு உங்கள் தெருவில் எண்ணெய்ச் சட்டி ஏறாத வீடு எது? முதல் பங்கை அங்கே கொண்டுசெல்லுங்கள். சற்று அமர்ந்து வாருங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.