மாடியில் தோட்டம் போடும் முன்...



தாராபுரத்துக்காரனுக்கு வெள்ளாமையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? ஆனால் அரை சென்ட்கூட மிச்சம் வைக்காமல் வீடு கட்டியவன் எங்கே போய்க் கத்தரி நடுவான்? மொட்டை மாடிக்குத்தான்!

எங்க அம்மாவுக்கும் அந்த ஆசை. "கண்ணு, செம்மண்ணைக் கொட்டி மேலயே பாத்தி கட்டிக்கலாமா?" என்றார். நான் சிவில் மாணவனாயிற்றே, கால்குலேட்டரை எடுத்தேன். ஈரமண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,800 கிலோ. ஓரடி ஆழப் பாத்தி என்றால் சதுர மீட்டருக்கு 540 கிலோ! ஆள் நடமாடும் மாடிக்கு ஐ.எஸ். 875 சொல்லும் லைவ் லோடோ சுமார் 150 கிலோதான். "தளம் தாங்காதும்மா" என்றேன். அம்மா முகம் வாடிப்போச்சு.

வழி இல்லாமலா போகும்? 2013-14-இல் கோவையிலும் சென்னையிலும் அரசு மாடித்தோட்டத் திட்டம் கொண்டுவந்தபோது, மண்ணுக்குப் பதில் தென்னை நார்க்கழிவைத்தான் பைகளில் தந்தது. எடை குறைவு, ஈரம் நிற்கும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் நார் மில்களில் மலையாகக் குவிவது இதுதான். பச்சையாகப் போட்டால் செடிக்கு ஆகாது, மக்கியதே வேண்டும். தொழுவுரம் கலந்து, பைகளைச் சுவரோரமாகச் செங்கல் மேல் வைத்தால் தளத்தில் நீர் தேங்காது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் சும்மா விடுமா? தக்காளிக்குக் குச்சி கட்டியே ஆகணும்.

இன்று எங்க வீட்டுக் குழம்பில் எங்க கத்தரிக்காய்!

கட்டடம் கட்டப் படிக்கும் தோழர்களே, வீட்டில் யாராவது மண்வெட்டியோடு மாடியேறினால், முதலில் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். படிப்பு அதற்குத்தானே!