சிறைக்குப் போகத் தகுதி

ஜாமீன் மனுவுக்காக உளுந்தூர்பேட்டை நீதிமன்ற வாசலில் நிற்கும் அம்மாக்களிடம் வழக்கு எண்ணோடு இன்னொன்றையும் கேட்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. "தம்பிக்கு இருமல் இருந்துச்சாம்மா? எத்தனை நாளா?"

"சூளையில வேலை பாக்குறான், தூசிப்பா" என்பார்கள். சிலர் பேச்சை மாற்றுவார்கள். காசநோய் என்று ஊரில் தெரிந்தால் பெண் கிடைக்காது என்ற பயம்.

கைதானவரை நீதிபதி முன் நிறுத்துமுன் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். நாங்கள் கூடப் போன ஓர் இரவில் எல்லாம் இரண்டே நிமிடத்தில் முடிந்தது. ரத்த அழுத்தம் பார்த்தார்கள். "அடி ஏதாவது?" "இல்ல சார்." சீட்டு தயார். மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தவர் அவர். யாரும் கேட்கவில்லை. போலீஸ்காரர் தோளை ஒட்டி நிற்கும்போது அவராக எப்படிச் சொல்வார்? 2020இல் சாத்தான்குளம் ஜெயராஜும் பென்னிக்ஸும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனதும் இப்படியொரு சான்றிதழோடுதான். ரத்தம் வழிந்த உடம்புக்கே 'தகுதி' கிடைக்கும் நாட்டில் நுரையீரலுக்குள் இருப்பதை யார் தேடப் போகிறார்கள்?

கைதிகள்தான் நோயை உள்ளே கொண்டுவருகிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. பழைய தீட்டுக்குப் புதுச் சட்டை. கிருமி உடம்பில் இருப்பது வேறு, நோய் வருவது வேறு. 2019-21 தேசியக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 31 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. பெரும்பாலோருக்கு அது கடைசிவரை தூங்கியே கிடக்கும். அரைவயிறு அதை எழுப்பும். அப்படி நோயாளியான ஒருவர் இருமினால், மாலையில் பூட்டி காலையில் திறக்கும் கொட்டடியில் எல்லோரும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். இந்தியச் சிறைகளில் காசநோய் வெளியே இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்கிறது 2023இல் 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வு.

அந்தக் கொட்டடியில் யார் இருக்கிறார்கள்? 2022 கணக்கின்படி இந்தியச் சிறைகளில் 100 பேர் இடத்தில் 131 பேர். நான்கில் மூவர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நம் சாதிகள். குற்றம் நிரூபணமாகுமுன்பே நோய் தீர்ப்பாகிவிடுகிறது.

உள்ளே சிகிச்சை தொடங்கினாலும் ஜாமீனில் வரும் நாளில் சங்கிலி அறுகிறது. ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், நாமும் நிறுத்திவிடுவோம். கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரும். செம்மர வழக்கில் ஆந்திரச் சிறைகளில் கிடந்துவிட்டுக் கல்வராயன் மலைக்குத் திரும்புகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். வழக்குக் காகிதமே தெலுங்கில் இருக்கும், மருந்துச் சீட்டை யார் கேட்டு வாங்குவது? அவரவருக்கு ஒரு நிக்‌ஷய் எண் உண்டு. அது கையில் இருந்தால் ஊர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிகிச்சையைத் தொடரலாம். விடுதலையாகும் அன்றே கேட்டு வாங்குங்கள்.

சட்டக் கல்லூரித் தோழர்களுக்கு ஒன்று. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு கைதானவருக்கு மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்குகிறது. அறிக்கையின் நகல் அவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தரப்பட வேண்டும். ரிமாண்டின்போதே இருமல், இளைப்பு, இரவு வியர்வை, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதையெல்லாம் எழுதி நீதிபதியிடம் கொடுங்கள். சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்க உத்தரவு கேளுங்கள். வாயால் சொன்னால் பதிவாகாது. ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம்.