ஒரு சொல்லில் அடங்காத விடை



சென்ற மாதம் மஃரிபுக்குப் பிந்திய வகுப்பில், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த கழுகு நெபுலாவின் படமொன்றை மாணவர்களுக்குக் காட்டினேன். "ஹஜ்ரத், இதை யார் செய்தார்கள்?" என்று பத்து வயது மாணவன் வினவினான். "அமெரிக்கா" என்று சொல்லிவிட்டேன். உறுதியாகத் தெரியாததை உறுதியான குரலில் சொல்வது ஆசிரியர்களுக்கே உரிய நோய். அன்றிரவு படித்துப் பார்த்தபோதுதான் என் விடை எத்துணைக் குறையுடையது என்பது விளங்கிற்று.

அப்படத்தை எடுத்தது 'மிரி' என்னும் அகச்சிவப்புக் கருவி. ஐரோப்பாவின் 10 நாடுகளும் அமெரிக்காவும் கூடிச் செய்தது அது. தாங்கும் சட்டகம் டென்மார்க்கில் உருவானது. படமெடுக்கும் பகுதி பிரான்சில். ஒளியுணரிகளும் குளிரூட்டியும் அமெரிக்காவில். இங்கிலாந்தின் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் ஒன்றாகப் பொருத்தப்பட்டு, 2012இல் நாசாவிடம் கருவி ஒப்படைக்கப்பட்டது. ஐரோப்பியக் குழுவை வழிநடத்தியவர் ஜில்லியன் ரைட் என்னும் பெண் அறிஞர்.

என்னை நெடுநேரம் உறங்கவிடாதது அதன் குளிர்தான். வெப்பமுள்ள பொருள் யாவும் அகச்சிவப்புக் கதிரை உமிழும். ஆகவே கருவி சற்றே சூடாயிருந்தாலும் அதன் வெப்பமே அதன் கண்ணை மறைத்துவிடும். தொலைநோக்கியின் மற்றக் கருவிகளுக்குச் சூரியக் கவசத்தின் நிழலில் கிடைக்கும் குளிர் போதும். மிரிக்கு அது போதாது. ஹீலியம் வாயுவைச் சுழலவிட்டு, சுழியத்துக்குக் கீழே 266 பாகை செல்சியஸ் வரை அதனைக் குளிர்விக்கிறார்கள். வெவ்வேறு நாடுகளில் செய்த பாகங்கள் அக்குளிரில் சுருங்கிய பின்னரும் பிசகாமல் பொருந்தி நிற்க வேண்டும். பிசகினால், 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்குச் சென்று திருத்துவார் எவருமில்லை.

2022 ஆகஸ்டில் அதன் நிறமாலைப் பகுதியின் சக்கரமொன்றில் உராய்வு மிகுந்தது. அச்சக்கரம் தேவைப்படும் ஆய்வுகளை நிறுத்திவைத்து, காரணத்தை ஆராய்ந்து, நவம்பரில் மீண்டும் தொடங்கினர்.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்ன விடை தவறு" என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். கேள்வி கேட்ட மாணவன் மட்டும் குறிப்பேட்டைத் திறந்து, 'அமெரிக்கா' என்பதை அடிக்கப் போனான்.

"அதை அடிக்காதே, பக்கத்தில் இன்னும் பத்து எழுது" என்றேன்.

ஸ்விட்சர்லாந்தை எழுத்துக்கூட்டி எழுதி முடிப்பதற்குள் இஷா பாங்கு ஒலித்துவிட்டது.