மாமாவுக்கு ஒத்துக்கொள்ளாத குளிசை

ரிவர்ஸ்டனுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நாட்களில் பஸ் ஏறுமுன் உம்மாமார் எங்களிடம் குளிசைப் பைகளைத் தருவார்கள். ஒரு முறை ஒரு உம்மா பையோடு ஒரு துண்டும் தந்தார். "மகனுக்கு ஜி6பிடி குறைபாடு. பனடோல் தவிர வேறு எதுவும் குடுக்க வேணாம் டீச்சர்." எந்த வகுப்பென்று சொல்லமாட்டோம்.

எங்களில் பலருக்கு அது புதுச் சொல். ஆனால் காற்று அடிக்கும் அந்த மலைக்கு அப்பால் பல்லேகம பக்கம் இறங்கினால் உலர்வலயம், ஒரு காலத்து மலேரியாப் பூமி. 1934-35 கொள்ளைநோயில் இலங்கையில் 80,000 பேரளவில் மௌத்தானார்கள். வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து திரும்பி வரும். அதை அங்கேயே கொல்வது பிரைமாகுவின். அதே குளிசை சிலருடைய செங்குருதிக் கலங்களை உடைத்துவிடும். காரணத்தை 1956இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள்: கலத்தைக் காக்கும் ஜி6பிடி நொதியம் அவர்களுக்குப் பிறப்பிலேயே குறைவு.

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சரி, முடிந்ததா? மடகஸ்காருக்கு மாணிக்கக்கல் தேடிப் போகும் நானாமார் அதைத் திரும்பக் கொண்டு வரலாம். அதோடு சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோபியூரன்டோயின், தொழுநோய்க்கான டெப்சோன், அலுமாரியில் போடும் நெப்தலின் உருண்டைகூட இவர்களுக்கு ஆகாது.

இந்தப் பரம்பரை அலகு இருப்பது எக்ஸ் நிறமூர்த்தத்தில். அதனால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளில்தான் வெளிப்படும். மகனுக்கு உம்மா வழியாக வரும், வாப்பா வழியாக வராது. இதைக் கேட்டதும் மாமிமார் சிலர் மருமகளைத் திரும்பிப் பார்ப்பார்கள் (எங்கட ஊரில் இதையும் சொல்லத்தான் வேண்டும்). பிள்ளைக்கு எந்த அலகு போக வேண்டுமென்று எந்த உம்மாவும் தெரிந்தெடுத்துக் கொடுப்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. உம்மாவின் சகோதரர்களில் யாருக்காவது மருந்து குடித்தபின் கண் மஞ்சளாகி, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனதா? போயிருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

மரபணுவைப் பார்த்து மருந்து கொடுப்பதென்றால் பெரிய நாட்டு விஷயமென்று நினைக்கிறோம். இதற்கு நொதியத்தை அளக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை போதும். கலங்கள் உடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் எடுத்தால் குறைபாடு இல்லாததுபோல் காட்டலாம், அப்படியென்றால் பிறகு ஒருமுறை எடுக்க வேண்டும். முடிவைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதுவியுங்கள். பக்கத்து வீட்டு மிச்சக் குளிசையை வாங்கிக் குடிக்கும் பழக்கத்தை அந்த வீட்டிலாவது நிறுத்துங்கள். மகனுக்கு இருக்கிறதென்று தெரிந்தால் சாச்சி, பெரியம்மாவின் ஆண் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.