டாக்டராக எத்தனை ஆண்டு வேண்டும்?

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழையவே பெரும்பாலும் நான்காண்டுப் பட்டம் வேண்டும். பிறகு நான்கு ஆண்டு மருத்துவம், அதன்பின் மூன்று முதல் ஏழு ஆண்டு ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சி. பிரிட்டனிலும் இந்தியாவிலும் பெரும்பாலும் பள்ளி முடித்த கையோடு மருத்துவம்தான். அந்த முன்பட்டம் நல்ல டாக்டரை உருவாக்குகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்க டாக்டர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டில் படித்தவர். அவர்களில் பலர் முன்பட்டம் இல்லாதவர்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் சேர்ந்த முதியோரைப் பற்றி 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. வெளிநாட்டில் படித்த பொது மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களின் 30 நாள் இறப்பு 11.2 சதவீதம், உள்நாட்டில் படித்தவர்களிடம் 11.6.

கடல் தாண்டிப் போகிறவர்கள் வடிகட்டியெடுத்த கெட்டிக்காரர்கள் என்பார்கள். உண்மைதான், அவர்களே மேல் என்று நானும் வாதாடவில்லை. முன்பட்டம் இல்லாததால் குறைந்துபோகவில்லை, அவ்வளவே. அவர்களும் அங்கே ரெசிடென்சி முடித்துத்தான் வேலை பார்க்கிறார்கள்; மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் அந்த ஆண்டுகள்தான் இருதரப்புக்கும் பொது. பதினேழு வயதில் முதிர்ச்சி ஏது என்பது இன்னொரு கேள்வி. இருக்காதுதான் (முப்பதிலும் சிலருக்கு வருவதில்லை). ஆனால் பதினேழில் சேர்ந்தவர் தனியாக முடிவெடுக்கும் நாளில் குறைந்தது இருபதுகளின் நடுவிலாவது இருப்பார். மருத்துவப் படிப்பின் செலவைக் குறைக்க எதையாவது வெட்டத்தான் வேண்டுமென்றால் முன்பட்டத்தை வெட்டட்டும். ரெசிடென்சியில் கைவைக்க வேண்டாம்.